பனியில் வைத்த பானை

எனக்கு வாய் நீளம். ஊரறிந்த விஷயம். ஆனால் என் வாயைவிடப் பெரிய தப்பை ஒரு நாள் சாயங்காலம் என் கை செய்தது. அதை மட்டும் இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். என்னைக் கட்டிக்கொண்டவருக்கே தெரியாது. இப்போது எழுதுகிறேன், படித்துவிட்டு அவர் என்ன சொல்கிறாரோ சொல்லட்டும்.

கல்யாணம் திருப்பதி மலைமேல் நடந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் சித்தூர், மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. வேலை பார்க்கிற இடம் சிம்லா.

“சிம்லான்னா எங்க இருக்குது?” என்று அம்மா கேட்டாள்.

“டில்லிக்கு அந்தாண்ட கொஞ்ச தூரம்,” என்றார் நைனா, புத்தூருக்கு அந்தாண்ட நகரி என்கிற மாதிரி.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கரும்புக் கொல்லை. நைனா அதுவரை போன அதிக தூரம் மெட்ராஸ்தான். அப்போது ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்திருந்த சமயம். எங்கள் ஊர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இழுபறியாக இருந்தது. மனு கொடுக்கப் போன கும்பலோடு அவரும் போய்விட்டு வந்தார். அப்பேர்ப்பட்ட மனுஷர், ஒரே பெண்ணைப் பனி விழுகிற ஊருக்குக் கொடுத்துவிட்டார். விஷயம் விளங்கியதும் அம்மா அவரோடு பேச்சை நிறுத்தினாள். புத்தூர் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது நைனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு நாள் கண் விழித்தபோது உலகத்தில் சத்தமே இல்லை. காது அடைத்துக்கொண்டதோ என்று விரலை விட்டுக் குடைந்து பார்த்தேன். தகரக் கூரைமேல் தினமும் குதிக்கிற குரங்குகளைக் காணோம். கீழே நிலக்கரி வண்டிக்காரன் சத்தத்தைக் காணோம். ஜன்னல் திரையை விலக்கினேன். மரம், வேலி, படிக்கட்டு, எதிர்மலை எல்லாம் போய்விட்டிருந்தது. வெள்ளையாக ஏதோ ஒன்று ஆடி ஆடி இறங்கிக்கொண்டே இருந்தது. விழுகிறதா, மேலே ஏறுகிறதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றதில் நான்தான் மெதுவாக மேலே போகிறேன் என்று ஒரு மயக்கம் வந்தது.

மயக்கமெல்லாம் கால் மணி நேரம்தான். மார்கழி மாசமாயிற்றே, வாசலில் கோலம் போட வேண்டாமா? அரிசி மாவை எடுத்துக்கொண்டு போனேன். பதினைந்து புள்ளி வைத்து, கை மரத்துப் போக, விடாமல் இழுத்து முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெள்ளைமேல் வெள்ளை. பின்னால் நின்றிருந்த அவர், பாவம், அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். இரண்டு நாள் அவருக்குச் சோறு போட்டேனே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் நல்லவர். அது அப்போதும் எனக்குத் தெரியும். காலையில் எனக்கு முன்னால் எழுந்து, கணப்புக்குப் பக்கத்தில் என் காலுறைகளைச் சூடு காட்டி வைப்பார். நல்லெண்ணெய் தேடிக் கீழ்க் கடைத்தெரு முழுக்க அலைந்துவிட்டு வருவார். ஆனாலும் அந்த ஊர் எனக்கு ஆகவில்லை. துவரம்பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் வேகாது. எண்ணெய் உறைந்து போகும். பேச ஆள் கிடையாது. மாடி வீட்டில் ஒரு பஞ்சாபி அம்மாள் இருந்தார். தேசம் பிரிந்தபோது லாகூர்ப் பக்கம் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர். எல்லோரும் அவரை மாதாஜி என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. ஒரு தடவை மண் கூஜாவில் தண்ணீர் பிடித்து வெளியே மறந்து வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் உள்ளே தண்ணீர் உறைந்து, கூஜா இரண்டாகப் பிளந்து கிடந்தது. மாதாஜி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு ஒரு பித்தளைச் சொம்பு கொண்டுவந்து கொடுத்தார். மண் பாத்திரத்தை இந்த ஊரில் இரவில் வெளியே வைக்கக்கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. தலைப்பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு நைனா புறப்பட்டு வருகிறார்!

கல்யாணமான முதல் பொங்கலுக்குப் பெண் வீட்டிலிருந்து புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, துணிமணி எல்லாம் வர வேண்டும். வீட்டு மனுஷர் கையாலேயே வர வேண்டும். “இவ்வளவு தூரத்துக்கா? பார்சலில் அனுப்பச் சொல்லலாமே,” என்றார் அவர். “சீர் வைக்கிறது தபால்காரன் வேலையா?” என்று எரிந்து விழுந்தேன். உள்ளுக்குள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நைனா வந்தால் அவரோடு கிளம்பிவிட வேண்டியது. அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

போகிக்கு முதல் நாள் மத்தியானம் மலை ரயில் வந்து நின்றது. முதலில் ஜன்னல் வழியாகக் கரும்பு வந்தது. ஆள் உயரக் கரும்பு, தோகையோடு இரண்டு. அதற்குப் பின்னால் நைனா இறங்கினார். வேட்டி, அதற்குமேல் யாரோ ஒரு தெலுங்குச் சிப்பாய் வழியில் போட்டுவிட்ட பழைய பட்டாளத்துக் கோட்டு, தலையில் குரங்குக் குல்லா. மார்போடு அணைத்தபடி ஒரு துணி மூட்டை. அதற்குள்தான் பானை இருந்தது. நாலு நாள் பிரயாணத்திலும் அதைக் கீழேயே வைக்கவில்லையாம், மடியில் வைத்தபடியே தூங்கியிருக்கிறார்.

என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் குனிந்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடந்த பனியை ஒரு பிடி அள்ளினார். மோந்து பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

“இன்னாம்மா இது, உப்பும் இல்ல இனிப்பும் இல்ல? இதுக்கா உங்கம்மா எங்கூட ஒம்போது மாசமா பேசாம இருக்கா!”

கோபமாகத்தான் இருக்க நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. ஐயோ, அந்தக் குல்லாவில் அவர் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

வீட்டுக்கு வந்து காபி குடித்ததும் மூட்டையை அவிழ்த்தார். சித்தூர் வெல்லம், கொல்லைப் பச்சரிசி, பொட்டலத்தில் காவி மண், திருப்பதி லட்டு. லட்டு குளிரில் கல்லாகியிருந்தது, அம்மிக் குழவியால் தட்டித்தான் உடைத்தோம். எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.

“டில்லியிலேர்ந்து மெட்ராசுக்கு ரெண்டு டிக்கெட்டு. மாப்ளே, தப்பா நெனைச்சிக்காதீங்க. ஒளிச்சி வெச்சிப் பேச எனக்குத் தெரியாது. பானை நல்லா பொங்கினா அவ அங்கியே இருக்கட்டும், பொங்கலன்னா கையோட கூட்டிக்கினு வான்னு இவ அம்மா சொல்லி அனுப்பியிருக்கா. அதுவும் எங்கிட்ட நேரா சொல்லல, பக்கத்து ஊட்டுக்காரிய பாத்து சொன்னா.”

என் வீட்டுக்காரர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அவ இஷ்டம், மாமா,” என்றார். எழுந்துபோய்க் கணப்பில் கரி போட்டார். கரி நிறையவே இருந்தது.

எனக்கு வழி கிடைத்துவிட்டது. பானை பொங்காவிட்டால் போதும். புத்தூர், வெயில், என் பாஷை, அம்மா.

மறுநாள் போகி. விடிகிற நேரத்தில் பழைய துடைப்பத்தையும் கிழிந்த பாயையும் வாசலில் போட்டுக் கொளுத்தினோம். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் தெரிந்தன. இந்த மதராசிகளுக்குக் குளிர் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பொழுது நன்றாக வெளுத்ததும் அம்மா அனுப்பிய காவியைக் கரைத்து, பனிமேல் சும்மா ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். பளிச்சென்று எழுந்து நின்றது. அப்புறம் கை நிற்கவில்லை, படியிலிருந்து வேலி வரைக்கும் சிவப்பாக ஒரே கோலம். வெள்ளை வானம், வெள்ளை மலை, நடுவில் எங்கள் கொல்லை மண். மாதாஜி இறங்கி வந்து, கோலத்தை மிதித்துவிடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என் கன்னத்தைக் கிள்ளி என்னமோ சொன்னார்.

நைனா அன்றைக்கெல்லாம் வீட்டுக்குள் வரவில்லை. குச்சியால் பனியில் நேர்நேராகச் சால் ஓட்டினார். “இதுல வெதைச்சா மொளைக்குமா மாப்ளே?” என்று கேட்டார். மொளைக்காது, ஆனால் உருகி ஆறாகப் போய்க் கீழே எத்தனையோ கொல்லைகளுக்குப் பாயும் என்று அவர் சொன்னார். நைனா குச்சியை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் எதிர்மலையையே பார்த்தார். “அப்படின்னா இது ஏரிதான். படுத்துக்கினு இருக்கிற ஏரி,” என்றார். நான் சமையல் அறை ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மாமனாரும் மருமகனுமாகப் பனியில் நிற்பதைப் பார்த்தால், இப்படியே இது நடந்துகொண்டே இருக்கலாம் போலிருந்தது.

சாயங்காலம் மாதாஜி வீட்டிலும் நெருப்பு. அவர்களுக்கு அன்றைக்கு லோடிப் பண்டிகை, மலைச்சரிவு வீடானதால் மாடிக்கும் பின்பக்கம் மண் முற்றம் உண்டு, அங்கே கட்டை அடுக்கிக் கொளுத்துவார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். “இவங்களுக்கும் போகிதாம்மா. சோம்பேறிங்க, காலையில கொளுத்த வேண்டியத சாயங்காலம் கொளுத்துறாங்க!” என்று சொல்லிக்கொண்டே நைனா மாடிப் பக்கம் போனார். அவரும் பின்னால் போனார். “கதவு பூட்டிட்டு வரேன்” என்று நான் மட்டும் பின்தங்கினேன்.

பூட்டுவதற்கு முன்னால் புதுப்பானையை எடுத்தேன். கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றினேன். பின்கட்டுப் படியில், பனிமேல், ஓரமாகக் கொண்டுபோய் வைத்தேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாடி முற்றத்துக்குப் போனால், எனக்காகவே காத்துக்கொண்டிருந்தார்கள். புதுப் பெண்ணுக்கு முதல் லோடி என்றால் அவர்களுக்குப் பெரிய விசேஷமாம், நமக்குத் தலைப்பொங்கல் எப்படியோ அப்படி. எனக்கு அது தெரியாது. மாதாஜி என்னை நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒரு சிவப்புச் சால்வையை எடுத்து என்மேல் போர்த்தினார். அது அவர் கல்யாணத்துச் சால்வை, லாகூரிலிருந்து வரும்போது உடம்போடு சுற்றிக்கொண்டு வந்த ஒன்றே ஒன்று என்று பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். பெண்கள் கைதட்டிப் பாடினார்கள். என் மடி நிறைய வேர்க்கடலையும் எள்ளுருண்டையும் கொட்டினார்கள். நெருப்புப் பொறி மேலே போக, பனித்துகள் கீழே வர, இரண்டும் நடுவில் சந்தித்துக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நைனா அவர்களோடு சேர்ந்து ஆடினார், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு! நடுவில் ஒரு தடவை இறங்கிப் போய்விட்டு வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வேர்க்கடலையை உரித்து உரித்து என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். நாளன்றைக்கு நான் போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டே உரிக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

சால்வையோடு அப்படியே தூங்கிப் போனேன். பானை நினைவே இல்லை.

விடிகாலையில் சுரீர் என்று நினைவு வந்தது. வெறுங்காலோடு பின்கட்டுக்கு ஓடினேன். பானைக்குள் பனிக்கட்டி உப்பிக்கொண்டு நின்றது. விளிம்பிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு விரிசல். நானூறு கோயில் கும்பிட்டாலும் ஒட்டாது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நைனா வந்தார். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நைனா, பானை வெடிச்சிடுச்சி.”

“ஆமா. அதுக்கு ஏன் அழுவுற? வெடிச்சா ஊருக்குத்தான வரப்போற?”

“பொங்கணும் நைனா,” என்றேன். “இது பொங்கியே ஆவணும்.”

நைனா பானையை உள்ளே தூக்கிக்கொண்டு போய், கணப்புக்குத் தூரத்தில் வைத்து, கட்டியை மெதுவாக உருக்கி ஊற்றினார். மைதா மாவைப் பசையாகப் பிசைந்து விரிசலில் அப்பினார். தன் வேட்டியில் ஒரு முழம் கிழித்து, அதன்மேல் சுற்றி இறுக்கினார். அதற்குமேல் மஞ்சள் கொத்தைக் கட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் அலங்காரம் செய்த பானை. என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, “ராத்திரி குளிர்ல வெடிச்சிடுச்சா?” என்றார். “ஆமா மாப்ளே, குளிரு,” என்றார் நைனா.

என் வீட்டுக்காரர் வாசலில் பனியைத் தள்ளி இடம் செய்தார். மூன்று செங்கல், தேவதாரு விறகு. நாலு நாளாகக் காணாத சூரியன் அன்றைக்கு எதிர்மலைமேல் எட்டிப் பார்த்தது. நைனா பானையை அடுப்பில் வைக்கும்போது இப்படியும் அப்படியுமாகத் திருப்பினார். விரிசல் சூரியனைப் பார்க்கும்படி வைத்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

பால் சூடேறியது. நான் பானையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வரவேயில்லை. பசை விட்டது, துணி நனைந்தது, பால் பக்கவாட்டில் கசிந்து நெருப்பில் சொய்யென்று விழுந்தது. அவ்வளவுதான், முடிந்தது.

“பொங்கலோ பொங்கல்!” என்று மலை அதிரக் கத்தினார் நைனா.

“ஐயோ நைனா, அது ஒழுவுது!”

“ஒழுவுனா இன்னா, பொங்கினா இன்னா? உள்ள இருந்தது வெளிய வந்துச்சா இல்லியா? கெழக்காலதான் வந்துச்சி. உங்கம்மா கேட்டா நான் பொய் சொல்லத் தேவையில்ல. மாப்ளே, இன்னா பாத்துக்கினே நிக்கிறீங்க, கத்துங்க!”

சத்தமாக இருமக்கூடக் கூச்சப்படுகிற மனுஷர், தட்டில் கரண்டியால் அடித்துக்கொண்டு கத்தினார். மாடியிலிருந்து மாதாஜி வீட்டார் காரணம் தெரியாமலேயே கைதட்டினார்கள். மிச்சத்தைப் பித்தளைப் பாத்திரத்துக்கு மாற்றிக் கிளறினோம். பாசிப்பருப்பு கடைசி வரைக்கும் நறுக்கு நறுக்கென்றுதான் இருந்தது. எல்லோரும் தின்று தீர்த்தோம். மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கு மாடு இல்லையே என்று, நிலக்கரி வண்டிக்காரனின் கோவேறு கழுதைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார் நைனா. அது பாட்டுக்கு நின்றது.

கிளம்புகிற அன்று ஒரு பித்தளைத் தூக்கு நிறையப் பனியை அமுக்கி அடைத்தார். காசித் தீர்த்தத்துக்குச் செய்கிற மாதிரி மூடியைச் சுற்றி மெழுகு வைத்தார்.

“உருகிப்போயிடும் நைனா.”

“உருகுனா தண்ணி. பனின்னா எப்படி இருக்கும்னு உங்கம்மா கேப்பா. வெறுங்கையோட போவச் சொல்றியா?”

ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் ஏதோ வாங்கி வரப் போனார். நானும் நைனாவும் மட்டும் இருந்தோம். எனக்கு மனசு பொறுக்கவில்லை. “நைனா, அந்தப் பானை...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்மா,” என்றார். “நெருப்பாண்ட இருந்து பொகையில போட எழுந்து வந்தேன். படியில பானை இருந்திச்சி, தண்ணியோட. உள்ள எடுத்து வெக்கலாம்னு குனிஞ்சேன். அப்புறம் வுட்டுட்டேன்.”

“ஏன் நைனா?”

“ஒரு தபா உன்ன கேக்காம அனுப்பிட்டேன். இந்தத் தபாவாவது உன் இஷ்டத்துக்கு வுடலாம்னுதான்.”

வண்டி நகர்ந்தது. இந்த முறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தது நான். மலை ரயில் மெதுவாகத்தான் போகும், பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் நடந்தேன்.

அந்த வருஷம் வெயில் காலத்தில் ஊருக்குப் போனபோது, அம்மா அந்தத் தூக்கைக் காட்டினாள். பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது. அவளும் நைனாவும் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள், சண்டை உட்பட.

“டில்லியிலேர்ந்து மெட்ராஸ் வரிக்கும் உன் எடத்துல இதத்தான் ஒக்கார வெச்சிக்கினு வந்தாராம்,” என்றாள். “கூட்டத்துல ஒருத்தரையும் ஒக்கார வுடலியாம். டிக்கெட்டு பாக்கறவர் சத்தம் போட்டிருக்காரு. அதுக்கு இவரு இன்னா சொன்னாரு தெரியுமா? ‘எம் பொண்ணுக்கு எடுத்த எடம் சார். அவ எந்த டேசன்லயாவது ஏறிக்குவா’ன்னாராம்.”